உங்கள் விண்ணப்பம் முழுமையடையவில்லை

இந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. காலையில் அடுப்பில் பால் வைத்துவிட்டு போனைத் திறந்து பார்ப்பேன். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்ப்பேன். என் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் அதே வரி நிற்கும். எது குறைகிறது என்று சொன்னால் ஓடிப்போய்க் கொண்டுவந்து தர மாட்டேனா? அதைச் சொல்லாது. பல்கலைக்கழக அலுவலகத்துக்கு போன் போட்டால் நாற்பது நிமிஷம் பாட்டு ஓடியது. கடைசியில் ஒரு பெண் எடுத்து, "உங்கள் டிரான்ஸ்கிரிப்ட் வரவில்லை" என்றார். வந்துவிட்டது, கூரியர் ரசீது என் கையில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "வந்திருக்கிறது. ஆனால் உறையை ஒட்டிய இடத்தில் கையெழுத்து இல்லை. அதனால் வந்ததாகக் கணக்கில்லை" என்றார்.

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

நான் நியூ ஜெர்சியில் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வேலையின் பெயர் பாராபுரொஃபெஷனல். வகுப்பாசிரியருக்குப் பக்கத்தில் இருந்து, பின்தங்கிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர். மூக்கைத் துடைத்துவிடுவேன். அழுது புரளும் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்துகொள்வேன். ஒரே எழுத்தை நாற்பது நாள் சொல்லிக்கொடுப்பேன். மணிக்கு 19 டாலர், வாரத்துக்கு 29 மணி நேரம். அது ஏன் 29? முப்பது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டிவரும். ஏழு வருஷமாக இப்படித்தான்.

எனக்கு ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டும். ஊருக்கு போன் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கறதாடி?" என்று பயந்துவிட்டார். இல்லையம்மா. ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் ஏன் ஏறவில்லை என்று கண்டுபிடிக்கிற வேலை. கண்ணா, காதா, மொழியா, டிஸ்லெக்சியாவா, வீட்டில் ஏதாவது கவலையா? உட்கார்ந்து பேசி, சோதனை வைத்து, வகுப்பில் கவனித்து, அம்மா அப்பாவிடம் கேட்டு, அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையை வைத்துத்தான் பிள்ளைக்கு என்ன உதவி, எத்தனை மணி நேரம், எந்த வகுப்பில் என்பதெல்லாம் முடிவாகும். பிள்ளைகளுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது 1975 நவம்பர் 29-ஆம் தேதி அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம். அதற்கு முன்னால் அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகளை 'எங்கள் பள்ளியில் முடியாது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது.

இந்த வேலைக்கு ஆள் நிறையவா இருக்கிறார்கள்? இல்லை. 500 மாணவர்களுக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் வேண்டும் என்று அமெரிக்காவின் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் சொல்கிறது. நாடு முழுக்கச் சராசரி பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒருவர்தான். எங்கள் பள்ளிக்கு வருகிறவர் மூன்று பள்ளிகளைப் பார்க்கிறார். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வருவார், சோதனைச் சாமான் எல்லாம் அதற்குள். மத்தியானச் சாப்பாடு காரில். அறிக்கை எழுதுவது ராத்திரி பதினொரு மணிக்கு. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரும்தான் என்ன செய்வார்?

ஆள் பற்றாக்குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல மொழி தெரிந்தவர்கள் வேண்டும், பல நாட்டிலிருந்து வந்தவர்கள் வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது. அதை நம்பித்தான் 2024-இல் நான்கு இடங்களுக்கு அப்ளை செய்தேன்.

அந்த உறையின் கதைக்கு வருகிறேன். நான் எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தது 2009-இல், தமிழ்நாட்டில். மார்க் ஷீட்டெல்லாம் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறேன். அது செல்லாது. பல்கலைக்கழகமே சீல் வைத்த உறையில் கொடுக்க வேண்டும். ஒரு உறை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்துக்கு. அவர்கள் அதைப் பாடம் பாடமாகப் பிரித்து அமெரிக்க கிரெடிட்டாக மாற்றித் தருவார்கள், அதற்குத் தனி ஃபீஸ். சில பல்கலைக்கழகங்களுக்கு அதுவும் போதாது, அவர்களுக்கென்று இன்னொரு உறை வேண்டும். நம் மூன்று வருஷ பி.எஸ்ஸி. இங்குள்ள நாலு வருஷ டிகிரிக்குச் சமமா என்று ஒரு இடத்தில் ஒரு மாதம் யோசித்தார்கள். எம்.எஸ்ஸி.யையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

ஊரில் தம்பிதான் அலைந்தான். லீவு போட்டு, விடியக்காலை பஸ் ஏறிப் போனான். முதல் நாள், "செக்‌ஷன் மேடம் மீட்டிங்ல இருக்காங்க." இரண்டாம் நாள், செலான் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள், பேங்கில் வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்தால் கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. "அக்கா, பழைய ரெஜிஸ்டரைத் தேடணுமாம், அடுத்த வாரம் வரச் சொல்றாங்க" என்று பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போன் செய்தான். குரலில் அவ்வளவு களைப்பு. அவனுக்கும் வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. மூன்றாவது தடவை உறைகள் கிடைத்தன. பின்பக்கம் சீல் இருந்தது. "ஒட்டின இடத்துல கையெழுத்தும் போட்டுக் கொடுங்க சார்" என்று இவன் கேட்டிருக்கிறான். "சீல்தான் இருக்குல்ல, போதும் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு கையெழுத்து. மூன்று உறை அதே மாதிரிதான் வந்தது. இரண்டு பேர் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள், ஒருவர் வாங்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் அதோடு போயிற்று. கட்டிய 75 டாலரும் போயிற்று. அங்கே கவுன்ட்டரில் இருப்பவருக்கு இந்தச் சிவப்பு எழுத்து தெரியாது. இங்கே சிவப்பு எழுத்து போடுகிறவருக்கு அந்தக் கவுன்ட்டர் தெரியாது. இரண்டு பேருமே கொஞ்சம் மனசு வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். இல்லையா?

அடுத்தது சிபாரிசுக் கடிதம். மூன்று வேண்டும், அதில் ஒன்றாவது பாடம் நடத்தியவர் எழுதியதாக இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் கழித்து எந்த முகத்தோடு போய்க் கேட்பது? எனக்கு மிகவும் பிடித்த மேடம் தவறிவிட்டார். ரிட்டயர் ஆன ஒரு சாரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். "கடைசி பெஞ்சுல உக்காந்துகிட்டுக் கேள்வியா கேப்பியே, நீதானேம்மா?" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே எழுதித் தருகிறேன் என்றார். ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் படிவம் அவருடைய ஜிமெயிலை ஏற்கவில்லை. கல்லூரி முகவரியில் உள்ள மெயில்தான் வேண்டுமாம். எழுபது வயது தாண்டிய மனிதருக்குக் கல்லூரி மெயிலுக்கு எங்கே போவது? அவர் பணியில் இருந்த காலத்திலேயே அப்படி ஒன்று அவருக்குக் கிடையாது. எழுதிக் கேட்டேன். 'விதிமுறையைப் பார்க்கவும்' என்று பதில் வந்தது.

இன்னொருவர் இப்போதும் பணியில் இருக்கிறார். அவர் சொன்னார்: "நீயே டைப் பண்ணி அனுப்பிடும்மா, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அவர் கெட்டவர் இல்லை. வருஷத்துக்கு எத்தனை பேர் கேட்கிறார்களோ, எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறார். ஆனால் என்னால் முடியவில்லை. ஒரு பிள்ளையைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுகிற வேலைக்குப் போகப்போகிறேன். அதற்கு வாசல்படியிலேயே என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுதி, இன்னொருவர் பெயரைப் போடுவதா? ஒரு மாணவியைப் பற்றி நாலு வரி எழுத நேரமில்லாத அளவுக்கு நம் கல்லூரிகள் ஏன் ஆகிவிட்டன?

கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? நான் 2006-இல் படித்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பத்து வருஷத்துக்கு மேல் பழசு, திரும்பப் படிக்க வேண்டும் என்று ஒரு இடத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் பத்து வருஷத்தில் மாறிவிடுமா? கம்யூனிட்டி காலேஜில் பணம் கட்டி, வாரம் இரண்டு ராத்திரி போய் மறுபடியும் படித்தேன். அங்கே பாடம் எடுத்தவரிடம் கடிதம் வாங்கினேன். மூன்று மாதம் மட்டுமே என்னைத் தெரிந்தவர். அவருடைய கடிதம் செல்லும். மூன்று வருஷம் என்னை உருவாக்கியவருடைய கடிதம் செல்லாது.

ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை இப்போது பல இடங்களில் கேட்பதில்லை, அந்த மட்டும் நிம்மதி. நான்கில் ஒரு இடம் கேட்டது. 220 டாலர் கட்டி எழுதினேன்.

பிறகு, ஏன் இந்தப் படிப்பு என்று 500 வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். என்னோடு நான்காம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். கணக்கை வாயால் கேட்டால் டக்கென்று விடை சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் அவனுக்கு இடம் மாறும். 'ன'வும் 'ண'வும் 'ள'வும் அவனை அழவைத்தன. மர ஸ்கேலால் விரல் கணுவில் அடி வாங்குவான். 'மக்கு' என்பது அவன் பெயராகவே ஆகிவிட்டது. ஐந்தாவதோடு பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பிற்பாடு எம்.எஸ்ஸி. வகுப்பில் டிஸ்லெக்சியா பாடம் நடந்த அன்று எனக்கு அவன் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. அவனுக்கு இருந்ததற்கு ஒரு பெயர் உண்டு, உதவியும் உண்டு. அதை அந்தப் பள்ளியில் யாரும் அறிந்திருக்கவில்லை. இதை எழுதினேன். 500 வார்த்தையில் அவனுக்கு 90 வார்த்தைதான் கிடைத்தது. மீதியில் ஆராய்ச்சி ஆர்வம், தலைமைப் பண்பு, எதிர்காலத் திட்டம் எல்லாம் கேட்டிருந்தார்கள்.

இன்டர்வியூ ஜூமில் நடந்தது. ஒரே நேரத்தில் ஆறு பேர், எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "2009-க்கும் 2018-க்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதே, என்ன செய்தீர்கள்?" நான் 2010-இல் எச்-4 விசாவில் வந்தவள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து அப்படி வந்தவர்கள் அப்போது சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யக்கூடாது. 2015 மே மாதத்துக்குப் பிறகுதான், அதுவும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மட்டும், அனுமதி கிடைத்தது. சட்டம் என்னை வீட்டில் உட்காரவைத்த வருஷங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும். ஒன்றரை நிமிஷத்தில் சொன்னேன். இரண்டாவது கேள்வி, மூன்று வருஷம் முழுநேரமாக வர முடியுமா என்பது. மாலை வகுப்பு கிடையாது. பயிற்சியெல்லாம் பகலில், பள்ளி நேரத்தில். அதாவது நான் பார்க்கிற வேலையை விட வேண்டும்.

அந்தப் படிப்பின் பெயர் எட்.எஸ். (எஜுகேஷன் ஸ்பெஷலிஸ்ட்), குறைந்தது 60 கிரெடிட். கடைசி வருஷம் 1,200 மணி நேரம் இன்டர்ன்ஷிப், அதில் பாதியாவது பள்ளியில். இவ்வளவு பயிற்சி எதற்கு என்று நான் கேட்கவே மாட்டேன். ஒரு பிள்ளையின் தலைவிதியை எழுதுகிறவர் அரைகுறையாக வரக்கூடாது. ஆனால் அந்த 1,200 மணி நேரத்துக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. அதற்கும் கிரெடிட் கணக்குப் போட்டு நாம்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். ஒரு வருஷம் முழுக்க உழைக்கவும் வேண்டும், உழைப்பதற்குப் பணமும் கட்ட வேண்டும். அப்பா அம்மா கையில் பணம் இருக்கிற பிள்ளையால்தான் அது முடியும். மணிக்கு 19 டாலர் வாங்குகிறவளால் எப்படி முடியும்?

இப்போது நான் சொல்லப்போவதுதான் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

போன வருஷம் எங்கள் பள்ளியில் ஒரு தமிழ்ப் பையன் சேர்ந்தான். ஆறு வயசு, ஊரிலிருந்து வந்து நாலு மாதம். வகுப்பில் வாயே திறக்கவில்லை. பேர் கேட்டால்கூட ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மதிப்பீட்டுக்கு அனுப்பினார்கள். நியூ ஜெர்சியில் பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த நாட்களில் ஒருநாள் மழை. கோட்டு மாட்டும் இடத்தில் அவனுக்கு ஜிப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான்: "ஆன்ட்டி, மழையும் பெய்யுது, வெயிலும் அடிக்குது. மேகம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கா?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு என்ன குறை?

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். குறித்துக்கொண்டார். சோதனை நடந்தது, ஆங்கிலத்தில். சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்குகிற பகுதியில் தன் வயசுக்கு மேலாகவே செய்திருந்தான். வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய பகுதியில் ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு அவன் அம்மா வந்தார். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவில்லை. அதனால் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். மொழிப் பகுதியின் மதிப்பெண்ணுக்கு நேரே 'மிக மிகக் குறைவு' என்று இருந்தது. அதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் நான் சொல்ல வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, அவனுக்கு மூளையில எதுவும் கோளாறாக்கா? நீங்க சொல்லுங்கக்கா." மொழிபெயர்க்க உட்கார்ந்தவள் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. அவர் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. சைக்காலஜிஸ்ட் நல்லவர். ஆங்கிலம் தெரியாததால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தார். ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

முடிந்த அளவு பிள்ளையின் தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 1970-இல் கலிஃபோர்னியாவில் இதே விஷயத்துக்கு ஒரு வழக்கு நடந்தது. ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போட்டுவிட்டார்கள். ஸ்பானிஷில் திரும்பச் சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஓடிவிட்டது! இன்னும் ஒரு பிள்ளை தன் மொழியில் கேட்பார் இல்லாமல் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தக் கூட்டம் ஐம்பது நிமிஷம் நடந்தது. அதை என் மத்தியான இடைவேளையில் கழித்துக்கொண்டார்கள். என் தமிழ் அன்றைக்குப் பள்ளிக்கு வேண்டியிருந்தது. அதே தமிழை அப்ளிகேஷனில் போடப் போனால், மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. 'பிற' என்பதை அழுத்தச் சொன்னது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு இடம் கிடைத்தது. இரண்டு இடத்தில் 'வருந்துகிறோம்'. ஒன்றில் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருந்து, 2025 ஏப்ரல் நடுவில் கூப்பிட்டார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளிகளில் பயிற்சி செய்தால் உதவித்தொகை உண்டு என்றார்கள். 2022-இல் டெக்சஸில் உவால்டே பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்கென்று நாடாளுமன்றம் ஒதுக்கிய நூறு கோடி டாலரிலிருந்து வருகிற பணம் அது. அன்றைக்கு வீட்டில் கேசரி கிண்டினேன். தம்பிக்குத்தான் முதல் போன்.

ஏப்ரல் கடைசியில், அந்தத் திட்டத்தின் மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று கல்வித்துறை அறிவித்துவிட்டது. பிற்பாடுதான் பதினாறு மாநிலங்கள் வழக்குப் போட்டன. அதுவரை எனக்காகக் கல்லூரி காத்திருக்குமா? உதவித்தொகைக்கு உறுதி சொல்ல முடியவில்லை என்று மே மாதம் மெயில் வந்தது. ராத்திரி இரண்டு மணி வரை நானும் கணவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மகளின் காலேஜுக்கு இன்னும் இரண்டு வருஷம். சேரவில்லை என்று எழுதி அனுப்பினேன். சரி, லோன் வாங்கியாவது படிக்கலாம் என்றால், மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த கிராட் பிளஸ் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. மீதி இருக்கும் அரசுக் கடன் வருஷத்துக்கு 20,500 டாலரோடு நின்றுவிடும். வீட்டு வாடகையும் ஃபீஸும் அதற்குள் அடங்குமா?

ஆள் இல்லை, ஆள் இல்லை என்கிறார்கள். வர ஆசைப்படுகிறவர்கள் வாசலில்தான் நிற்கிறோம். ஏழு வருஷம் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்த அனுபவத்தைப் போட ஒரு கட்டம் இல்லை, உறை மேல் கையெழுத்துக்கு மட்டும் கட்டம் இருக்கிறது. இது யாருக்காக வைத்த வாசல்?

மறுபடியும் அப்ளை செய்கிறேன். கடைசித் தேதி டிசம்பர் 1. தம்பி மறுபடியும் லீவு போட்டிருக்கிறான். இந்த முறை கையெழுத்து வாங்காமல் அந்தக் கவுன்ட்டரை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் பதினொரு பேர். தமிழ் தெரிந்த சைக்காலஜிஸ்ட் ஒருவர்கூட இல்லை.